என் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்த மருத்துவமனைக்கு ஒரு திறந்த மடல்

மகப்பேற்றுப் பிரிவின் தலைவருக்கும், அந்த முடிவில் கையெழுத்திட்ட நிர்வாகத்தினருக்கும்,

உங்கள் கர்ப்பிணிகள் மருந்தகத்தின் முகப்பில் சென்ற வாரம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. வீட்டில் பிரசவிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு இனிமேல் இங்கே கர்ப்பகாலப் பரிசோதனை கிடையாது, பிரசவப் பதிவும் கிடையாது, அவசரமென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரலாம் என்று அதில் இருக்கிறது. தோழி ஒருத்தி படமெடுத்து அனுப்பினாள். சென்ற ஆண்டு எனக்கு மட்டும் கடிதமாக வந்த விஷயம் இப்போது எல்லாருக்குமான அறிவிப்பாகிவிட்டது. அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உறையில் போட்டு ஏற்கெனவே ஒன்று அனுப்பியாயிற்று. மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் ஆறு வரி இருந்தது. அதில் ஐந்து வரி, அடுத்த பிள்ளையை மருத்துவமனையில் பெற்றுக்கொள்ளும்படி எனக்குச் சொன்ன அறிவுரை.

சிங்கப்பூர் மருத்துவமனை என்பதற்கு மேல் உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெற்றேன், எல்லாம் சுகமாக முடிந்தது, ஆகவே எல்லாரும் வீட்டில் பெறுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்குச் சுகமாக முடியவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடி வரவில்லை. உங்கள் அறுவை அறையில் அதை எடுத்தவர்கள் என் உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் கைக்கு என்றைக்கும் நன்றி. ஆனால் நான் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும், அந்தக் கைகளில் ஒன்றாவது என்னிடம் வந்த நேரத்துக்கும் நடுவில் 48 நிமிடம் போயிற்று. அந்த 48 நிமிடத்துக்கும் நீங்கள் இப்போது ஒட்டியிருக்கும் தாளுக்கும் நேரான தொடர்பு உண்டு. அதைத்தான் பேசப்போகிறேன்.

முதல் பிள்ளை 2020 ஜூலையில் உங்களிடம்தான் பிறந்தான். கொரோனா நேரம். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வலி தாங்கினேன், கணவரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. அதற்காக உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, ஊரே அப்படித்தான் இருந்தது. யாரும் என்னை மோசமாக நடத்தவுமில்லை. ஆனால் 14 மணி நேரத்தில் ஏழு முகங்கள் வந்துபோயின. ஒவ்வொருவரும் கையுறை மாட்டினார்கள், உள்ளே விரல் வைத்துப் பார்த்தார்கள், ஒரு எண்ணைச் சொன்னார்கள், போய்விட்டார்கள். வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். புரண்டால் பிள்ளையின் இதயத்துடிப்பு திரையிலிருந்து நழுவிவிடும், உடனே ஒரு தாதி ஓடிவருவார். அதனால் புரளாமலே கிடந்தேன். எழுந்து நடந்தால் வலி தாங்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கலாம் என்று ஒருவரிடம் மனம் பழகுவதற்குள் அவருடைய ஷிப்ட் முடிந்துவிடும்.

இரண்டாவது உண்டானபோது எனக்கு வேண்டியிருந்தது வீடுகூட இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரே ஆள் எனக்குக் கிடைத்தது வீட்டில் மட்டுமே.

அவர் பதிவுபெற்ற மருத்துவச்சி. மலாய்க்காரர், 30 ஆண்டுகள் பிரசவ அறைகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நான் அவரைக் ‘காக்’ என்றுதான் கூப்பிடுவேன், மலாயில் அக்கா என்று பொருள். ‘பிடான் வச்சாப் பாக்கப்போற? இந்தக் காலத்துலயா?’ என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிடான் என்றால் மலாயில் மருத்துவச்சி. அந்தச் சொல்லைக் கேட்டதும் வெற்றிலை மென்றுகொண்டு துருப்பிடித்த கத்தியோடு வரும் ஒரு கிழவியைத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். உங்கள் நிர்வாகத்திலும் சிலர் அதையேதான் நினைக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

காக் வந்த முதல் நாளில் பிரசவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை ஏற்க முடியாமல் போகும் காரணங்களைத்தான் வரிசையாகச் சொன்னார். வயிற்றில் ஒரே பிள்ளை இருக்க வேண்டும், தலை கீழே இருக்க வேண்டும். முன்பு வயிறு கிழித்துப் பெற்றிருக்கக்கூடாது. சர்க்கரை இருக்கக்கூடாது, ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கக்கூடாது. 37 வாரத்துக்கு முன்னால் வலி வந்தாலும் 42 தாண்டினாலும் மருத்துவமனைதான். இதில் ஒன்று தவறினாலும் வீட்டுப் பேச்சு முடிந்தது, அழுதாலும் மாற்ற மாட்டேன் என்றார். அப்புறம் எங்கள் அங் மோ கியோ புளோக்கின் லிஃப்டை அளந்து பார்த்தார். உண்மையாகவே அளவுநாடா வைத்து. பழைய புளோக், லிஃப்ட் சிறியது. தள்ளுபடுக்கை நீட்டியபடி போகாது, தலைப்பக்கத்தை நிமிர்த்தினால்தான் போகும் என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அவர் பையில் இருந்ததையும் சொல்கிறேன், கத்தி என்று நினைப்பவர்களுக்காக. பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர். ரத்தப்போக்கை நிறுத்த ஆக்சிடோசின் ஊசி. அதைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதால் எங்கள் குளிர்பதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் பத்து நாள் இருந்தது. எங்கள் குடும்ப மருத்துவர்தான் எழுதித் தந்தார். பிறந்த பிள்ளை மூச்சுவிடத் தாமதித்தால் காற்றடிக்கும் பையும் முகமூடியும். நரம்பில் ஏற்றும் திரவம், தையலுக்கு வேண்டியவை, சிறுநீரை வெளியேற்றும் குழாய். பிரசவத்துக்கு இன்னொரு மருத்துவச்சியும் வருவார் என்றார். பிள்ளைக்கு ஒருவர், எனக்கு ஒருவர்.

இவ்வளவுக்கும் நடுவில் உங்களிடமும் வந்துகொண்டுதான் இருந்தேன். அதுவும் காக் போட்ட நிபந்தனை. ஸ்கேன், ரத்தச் சோதனை, சர்க்கரைச் சோதனை எல்லாமே உங்களிடம். ‘வீட்டில் பார்க்கிறோம் என்பதை ஒளிக்காதே, அவர்களிடம் சொல்லிவிடு. ஏதாவது ஆனால் நாம் போகும் இடம் அதுதான்’ என்றார். 34-வது வாரத்தில் உங்கள் மருத்துவரிடம் சொன்னேன். இளைஞர், நல்லவர். கேட்டுக்கொண்டார், கணினியில் தட்டினார், மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

35-வது வாரத்தில் கடிதம் வந்தது. மருத்துவமனையின் கொள்கைக்கு ஒவ்வாத திட்டம் என்பதால் மீதமுள்ள சந்திப்புகளும் பிரசவப் பதிவும் ரத்து. மருத்துவ அறிக்கை வேண்டுமானால் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், நான்கு வாரம் ஆகும். நான்கு வாரத்தில் எங்கள் வீட்டில் தொட்டிலே கட்டியாகிவிடும்.

நீங்கள் எதிர்பார்த்தது என்ன என்பது எனக்குப் புரிகிறது. பதிவை ரத்துசெய்தால் பயந்துபோய்த் திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பி வருவாள் என்று நினைத்திருப்பீர்கள். சிலர் வரவும் கூடும். நான் வரவில்லை. கடைசி ஐந்து வாரம் குடும்ப மருத்துவரிடம் சோதித்துக்கொண்டேன். ஹீமோகுளோபின் 11.8, அழுத்தம் சரி, தலை கீழே. ஆக, என் பிள்ளை எங்கே பிறக்கும் என்பதை உங்கள் கடிதம் மாற்றவில்லை. என் கர்ப்பத்தின் கடைசி ஐந்து வாரத்தை நீங்கள் பார்க்க முடியாதபடி மட்டும் செய்தது.

அந்த இரவின் கதை காக் எழுதிய ஒரே தாளில் இருக்கிறது. வரிபோட்ட தாள், நீல மை. முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, பிள்ளையின் துடிப்பு ஒரே சீரான கையெழுத்தில் நேர்க்கோடாக இறங்குகிறது: 138, 142, 136. பனிக்குடம் உடைந்தது 2.40, நீர் தெளிவு. 3.12 பெண் பிள்ளை, உடனே அழுதாள். 3.14 தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட். 3.17 கொடி வெட்டியது. 3.25 பிள்ளை மார்பில். 3.30 சிறுநீர் வெளியேற்றியது, நஞ்சு இறங்கவில்லை. 3.42 நஞ்சு வரவில்லை, அரை மணி ஆயிற்று, ஆம்புலன்ஸுக்கு 995 அழைப்பு.

3.42-க்குப் பக்கத்தில் ரத்தப்போக்கு 450 என்று இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக எழுதவில்லை. என் அடியில் விரித்திருந்த துணிப்பட்டைகளை இரண்டாவது மருத்துவச்சி எங்கள் சமையலறைத் தராசில் நிறுத்தார், முறுக்கு மாவு நிறுக்கும் தராசு. காய்ந்த பட்டையின் எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்குப் போட்டார். பிரசவ வலியில் கிடந்தவள் அதையெல்லாம் பார்த்தாளா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. சமையலறையில் ஒருத்தி நிறுத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் நிலைமை இன்னும் கையில் இருக்கிறது என்று தோன்றியது.

9 நிமிடத்தில் ஆம்புலன்ஸ். அவர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தள்ளுபடுக்கையின் தலைப்பக்கத்தை நிமிர்த்தும்படி காக் வாசலிலேயே சொல்லிவிட்டதால் லிஃப்டில் ஒரு நொடி வீணாகவில்லை. 995-ஐ அழைத்தவர் எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்க முடியாது, பொருத்தமான இடத்துக்கு அவர்களே கொண்டுபோவார்கள். அந்த இரவில் அது நீங்கள். 4.22-க்கு உங்கள் வாசல்.

பதிவு செய்த பெண்ணாக இருந்திருந்தால் என்னை நேராகப் பிரசவ அறைக்கு ஏற்றியிருப்பார்கள். உங்கள் கணினியில் என் பெயருக்கு எதிரே ‘பதிவு ரத்து’ என்று இருந்தது. அதனால் அவசர சிகிச்சைப் பிரிவு. கணவரிடம் முகப்பில் எந்த மருத்துவரிடம் பதிவு என்று கேட்டார்கள். இல்லை என்றார். ஏன் இல்லை என்று கேட்டார்கள். நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நாடு முழுக்க ஒரே மின்னியல் சுகாதாரப் பதிவு இருப்பதால் என் பழைய ஸ்கேனும் ரத்த வகையும் திரையில் வந்திருக்கும். வராதது கடைசி ஐந்து வாரமும் அந்த ஓர் இரவும். இரண்டும் காக்கின் கையில் இருந்தன.

காக்கை உள்ளே விடவில்லை. ‘உறவினரா?’ என்று கேட்டார்கள். மருத்துவச்சி என்று சொல்லித் தாளை நீட்டினார். அதை யாரும் கையில் வாங்கவில்லை. அவரே பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையில் என் ரத்தம். 30 வருடம் பிரசவ அறையில் நின்ற மனுஷி. தானியக்கக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பதும் கதவு மூடியதும் உட்காருவதும் எனக்குப் படுத்தபடியே தெரிந்தது.

தாளின் மேல் யாரோ ரத்த அழுத்தக் கருவியை வைத்தார்கள். அப்புறம் என் கணவரின் பை. நஞ்சு இன்னும் உள்ளே, ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கிறது, கேள்விகளும் வந்துகொண்டே இருக்கின்றன. எத்தனையாவது பிள்ளை, ஒவ்வாமை உண்டா, எப்போது பிறந்தது. ஒரு தாதி, தமிழர், என் அம்மா வயது இருக்கும், ‘வீட்டுல பெத்துக்கத் தைரியம் இருந்துச்சுல்ல, இப்ப ஏன் அழுவுறீங்க?’ என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்ல வேண்டாம், இன்னும் இருக்கிறது. ஆனால் என்னைப் போன்றவர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உங்கள் கொள்கை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது.

5.10-க்கு மகப்பேற்று மருத்துவர் வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகள்: ஆக்சிடோசின் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு? இதுவரை எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது? இரண்டுக்கும் பதில் நாலு அடி தள்ளி, பைக்கு அடியில் இருந்தது. நான்தான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் எடுத்துப் படித்தார். நின்றபடியே ஒரு நிமிடம். ‘யார் எழுதியது? அவரைக் கூப்பிடுங்கள்’ என்றார். காக் உள்ளே வந்து பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. 5.50-க்கு நான் அறுவை அறையில் இருந்தேன். முதுகில் ஊசி போட்டுக் கையால் நஞ்சை எடுத்தார்கள். மொத்தம் 1,100 மில்லிலிட்டர் போயிருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 450.

மிச்ச 650-ம் உங்கள் தாமதத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். எடுக்கும்போதும் போகும், எனக்கும் தெரியும். ரத்த வகையை மறுபடி சோதித்ததையும் குறை சொல்லவில்லை, அது விதி. நான் கேட்பது ஒன்றுதான்: 5.10-க்கு ஒருவர் அந்தத் தாளைப் படிக்க முடிந்தது என்றால், 4.22-க்கு ஏன் முடியவில்லை?

என் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுடைய தொட்டில் அட்டையில் ‘பிபிஏ’ என்று எழுதியிருந்தார்கள், வந்து சேர்வதற்கு முன்பே பிறந்தது என்று பொருளாம். டாக்ஸியின் பின்சீட்டில் பிறந்த பிள்ளைக்கும் அதே எழுத்து, ஷாப்பிங் மால் கழிவறையில் பிறந்த பிள்ளைக்கும் அதே எழுத்து. இரண்டு மருத்துவச்சிகள் பக்கத்திலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்புப் பார்த்துப் பெற்றவளுக்கும் அதே எழுத்து. இப்படி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, வெளியே பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்று நாளைக்கு நீங்களே ஒரு கணக்குக் காட்டினால், அதை யார் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? (காக் எடுத்து வைத்திருந்த தொப்புள்கொடி ரத்தக் குப்பியையும் வாங்கவில்லை, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உண்டா என்று பார்க்கும் சோதனைக்கு அவள் குதிகாலில் குத்தித்தான் எடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த குப்பியை நம்ப முடியாது என்பது நியாயம்தான். பிள்ளை கத்தியதுதான் பொறுக்கவில்லை.)

ஆபத்து பற்றிப் பேசாமல் நழுவுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. இங்கிலாந்தில் சிக்கல் அபாயம் குறைந்த பெண்கள் 64,000-க்கும் மேற்பட்டவர்களின் பிரசவங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் முதல் பிள்ளையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களிடம் பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3, மருத்துவமனையில் 5.3. வலி தொடங்கிய பிறகோ பிள்ளை பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள் நூற்றில் 45 பேர். இதைப் படித்த பிறகு முதல் பிள்ளைக்கு நான் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன், என் தங்கைக்கும் சொல்ல மாட்டேன். இரண்டாவதிலிருந்து அந்த வித்தியாசம் தென்படவில்லை. அப்போதும் நூற்றில் 12 பேர் மாற்றப்பட்டார்கள். நான் அந்த 12-இல் ஒருத்தி.

‘அது இங்கிலாந்து, இது சிங்கப்பூர்’ என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், அதுவேதான் என் வாதமும். அங்கே வீட்டுக்கு வரும் மருத்துவச்சியும் மருத்துவமனையும் பெரும்பாலும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்கள். அந்த ஆய்வு நடந்த காலத்தில் கர்ப்பகாலக் குறிப்பேடு பெண்ணின் கையிலேயே இருந்தது. மருத்துவச்சி பிரசவ அறைக்கு நேராகத் தொலைபேசியில் பேசுவார், வண்டி போய்ச் சேரும்போது கதவு திறந்திருக்கும். அந்த நாட்டு எண்களில் அந்தத் திறந்த கதவும் சேர்ந்தே இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுப் பிரசவம் ஆபத்து என்று நீங்கள் சொன்னால், அந்த ஆபத்தில் ஒரு பங்கு உங்கள் கையால் வந்தது.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. என் அப்பாயி 1962-இல் சித்தப்பாவைப் பெற்றது செம்பவாங்கில், கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அரசாங்க மருத்துவச்சி வெள்ளை உடுப்பும் கறுப்புப் பையுமாய் வந்தாராம். பிறந்த பிறகும் பத்து நாள் வந்து தொப்புளைத் துடைத்துவிட்டு, காய மருந்தும் சுறாப்புட்டும் தின்னக் கொடுத்தார்களா என்று அவரே விசாரிப்பாராம். 1966-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஒரே ஆண்டில் 39,835 பிள்ளைகள் பிறந்தார்கள், உலக சாதனை. நாளுக்கு நூற்றுக்கு மேல். 1924-இல் 30 படுக்கைகளோடு மகப்பேற்று மருத்துவமனையான இடம் அது. அந்தக் கூட்டத்தைத் தாங்க முடிந்ததற்கு வீடுவீடாகப் போன மருத்துவச்சிகளும் ஒரு காரணம். வீட்டையும் மருத்துவமனையையும் ஒரே கயிற்றில் கட்டி ஓட்டிய ஊர் இது. நம் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற கணக்கு, 2023-இல் 0.97-க்கு இறங்கிவிட்டது, பிள்ளை பெறுங்கள் என்று எங்கு பார்த்தாலும் விளம்பரம். பெற வந்தவளின் பெயரை நீங்கள் ஏட்டிலிருந்து அடிக்கிறீர்கள்.

சென்ற வாரத் தாள் என்ன செய்யப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் பெறும் எண்ணமுள்ள இரண்டு பெண்கள் என்னிடம் பேசினார்கள். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: ‘அப்ப அக்கா, சொல்லாமலே இருந்துட்டா?’ பரிசோதனைக்கு வந்துபோவார்கள், பதிவு இருக்கும், வீட்டுத் திட்டத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். யாருக்கு வீடு ஆகாது, யாருக்கு அழுத்தம் ஏறுகிறது, யார் தகுதியில்லாத ஆளை நம்பிக் கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தடுக்க வேண்டிய இடம் நீங்கள். உங்களிடமே பொய் சொல்லும்படி பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். நான் உண்மையைச் சொன்னதற்குத்தான் எனக்குக் கடிதம் வந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை.

முகப்பில் ஒட்டிய தாளை எடுங்கள். வீட்டில் பெறத் திட்டமிடுகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அவளுடைய பரிசோதனையும் பிரசவப் பதிவும் அப்படியே தொடரட்டும். வீட்டுப் பிரசவத்தை ஆதரிக்கும்படி உங்களைக் கேட்கவில்லை. உங்கள் மருத்துவர்கள் வீட்டுக்கு வர வேண்டாம். பதிவு இருந்தால் போதும்.

36-வது வாரத்தில் அவளையும் அவளுடைய மருத்துவச்சியையும் ஒன்றாக உட்காரவைத்து அரை மணி பேசுங்கள். அவளுக்கு வீடு ஆகாது என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், காரணத்தோடு. மருத்துவச்சியின் பதிவுச் சான்றையும் அப்போதே கேட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் உங்களிடம் வந்து சேரலாம், யாரை அழைப்பது என்பதையும் அங்கேயே எழுதி முடித்துவிடுங்கள்.

பதிவுபெற்ற மருத்துவச்சி வீட்டிலிருந்தோ ஆம்புலன்ஸிலிருந்தோ பிரசவ அறைக்கு நேராகப் பேச ஒரு தொலைபேசி எண் வேண்டும். அப்படி வரும் பெண் அவசர சிகிச்சைப் பிரிவின் முகப்பில் நிற்காமல் நேராக மேலே போக வேண்டும்.

மருத்துவச்சியின் குறிப்புத் தாளைக் கையில் வாங்குங்கள், ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும், கோப்பில் சேருங்கள். பொறுப்பை ஒப்படைத்து முடிக்கும்வரை அவர் தாயின் பக்கத்தில் நிற்கட்டும். எனக்கு ஆன கணக்கைப் பார்த்தால் இதற்கு வேண்டியது மூன்று நிமிடம்.

திட்டமிட்டு, மருத்துவச்சி துணையோடு வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பதிவில் தனி இடம் வையுங்கள். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அது தனியாகத் தெரியட்டும். எங்களுக்குப் பாதகமான எண் வந்தாலும் அதைப் பார்க்க நான் தயார்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இரவு வெளியே உட்காரவைக்கப்பட்டவருக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள். அவருடைய தாள் என்னிடம்தான் இருக்கிறது. மகளின் சுகாதாரக் கையேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் நகல் தருகிறேன்.

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் காத்திருக்க முடியாது. காக்கிடம் வரும் இன்னொரு பெண்ணுக்கும் உங்களிடமிருந்து அதே ரத்துக் கடிதம் போயிருக்கிறது. அவருக்கும் இது இரண்டாவது. இப்போது 33 வாரம். உங்கள் ஏட்டைப் பார்த்தால் யாரென்று உங்களுக்கே தெரியும். அவருடைய 36-வது வாரத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, பதிவைப் பழையபடி போட்டுக்கொடுங்கள். உங்களிடம் மூன்று வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
அங் மோ கியோ